சும்மா தந்த சீனிப் பணிஸ்

ஜூலை 4, வியாழன்

அதாலதான் சொல்லுறன் பேச்சியம்மன் தாயே, நீ கேட்டுக்கொண்டுதானே இரிக்காய், அந்தக் குரல் எனக்கு மாறாது. ஆயிரம் பேருக்குள்ள நிண்டு கதைச்சாலும் மாறாது. கதைக்க முந்தி ரெண்டு தரம் செருமுவான், மறுகா மூச்ச இழுப்பான், அதுக்குப் புறகுதான் சொல் வரும். முந்தி நம்மட வாசல் கடப்படியில சைக்கிள நிப்பாட்டி "பாண்" எண்டு சொல்லவே அவனுக்கு அவ்வளவு நேரம் செல்லும். நேத்து ரேடியோவிலயும் அப்படித்தான். ரெண்டு செருமல், ஒரு மூச்சு. என்ட கையில இரிந்த தேங்காப்பாதி கீழ விழுந்து உருண்டிச்சி.

பாண்காரன் ஆதம்பாவா. செத்திருப்பான் எண்டுதான் நினைச்சிருந்தன். இரிக்கான்.

விளக்கமாச் சொல்லுறன். களப்பு வானொலியில புதன்கிழம பின்னேரம் நாலு மணிக்கு "அடுத்த வளவு" எண்டு ஒரு நிகழ்ச்சி போகும். என்ட மருமகள் தர்ஜினிதான் நடத்துறாள். தம்பிட மகள், தம்பி கட்டார்ல, தாய் போய்ச் சேந்திட்டாள், அதால என்னோட இரிக்காள். ஒரு கிழம நம்மட மருதஞ்சேனை ஆள் ஒண்டு, மறு கிழம வாய்க்காலுக்கு அங்கால மீராவெளி ஆள் ஒண்டு, யுத்த காலத்துல தங்களுக்கு நடந்ததச் சொல்லணும். ரெண்டு ஊரும் மற்றவங்கட வலியக் கேக்கணுமாம். கேட்டா சமாதானம் வருமாம். ஆனா ஆர்ட பேரும் சொல்லக் கூடாது. அதுதான் சட்டம்.

நேத்து அவன் அழுதான். என்ட தம்பி, என்ட பாண் சைக்கிள்ள எனக்குப் பதிலாப் போனவன், சுடுபட்டு மையத்தாத்தான் வந்தான் எண்டு. கடைசியா, நான் ஆரையும் குத்தம் சொல்லல்ல எண்டான்.

நான் சொல்லுவன். உன்ட கதவு திறக்க இன்னும் இருபத்திரெண்டு நாள். ஆடிச் சடங்குக்குக் கதவு திறக்கிற வரைக்கும் உன்ட முகத்தப் பாக்க ஏலா, அதால தர்ஜினிட பழைய கொப்பி ஒண்ட எடுத்து இதுல எழுதுறன். எட்டாம் வகுப்புப் படிப்புத்தான், பிழை இரிந்தாப் பொறுத்துக்கோ. கதவு திறக்கிறதுக்குள்ள அவன்ட பேர ஊரறியச் சொல்லிப் போட்டுத்தான் உன்ட வாசல மிதிப்பன். இது நேர்த்திக்கடன்.

ஜூலை 5, வெள்ளி

ஒரு நேரச் சாப்பாடு. மரக்கறி மட்டும். உளுந்து ஊறப் போட மறந்திட்டன்.

ஜூலை 8, திங்கள்

இண்டைக்கு டிரங்குப் பெட்டியைத் திறந்தன். பாச்சா உருண்டை மணம். புவனண்ணன்ட கோடு போட்ட சேட்டு, அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ, அவன்ட பச்ச மைப் பேனை, ரெண்டு வெறும் போஸ்காட்டு, அம்மாட தாலிக்கொடியில கிடந்த பவளம். எல்லாத்தையும் பாயில பரப்பி வெயில் காட்டினன். போட்டோவில எப்பவும் போலச் சிரிக்காம இரிக்கான். இருபத்தி நாலு வயசு. நான் அவனவிட நாலு இளமை, இண்டைக்கு எனக்கு அம்பத்தஞ்சு. அவன் என்ன விடச் சின்னப் பிள்ளையாப் போனான், பாத்தியா.

தர்ஜினி வேலையால வந்து பாயைப் பாத்தாள். தேத்தண்ணிய எடுத்துக்கொண்டு பக்கத்துல இரிந்தாள். அவளுக்கு இந்தக் கதைய முழுசாச் சொன்னதில்ல. இண்டைக்குச் சொன்னன். உனக்குத் தெரிஞ்சதுதான், எண்டாலும் எழுதி வைக்கிறன், சாட்சிக்கு இரிக்கட்டும்.

அந்த வருசம் ஆனி மாசம் அண்ணன் வீட்டுக்கு வந்திட்டான். பெடியன்களோட இயக்கத்துக்குப் போய் ரெண்டு வருசம், மறுகா அவங்களுக்குள்ளயே பிரச்சினை, விட்டுப்போட்டு வந்திட்டான். எல்லாப் பக்கத்தாலயும் தேடுறாங்க. வீட்டுக்குள்ளயே இரிந்தான். குளிக்கிறதும் விடியச் சாமம், கிணத்தடிக்குக் கிடுகு கட்டி. எனக்கு ரேடியோ எண்டா உயிர். கொழும்பு ரேடியோவில பாட்டுக் கேட்டுப் போஸ்காட்டுப் போட்டு, பதினொரு தரம் என்ட பேர் வாசிச்சிருக்காங்க, "மருதஞ்சேனை தங்கேஸ்வரி" எண்டா அப்ப ஊரே அறியும். அதக்கூட அண்ணன் மூடிப் போட்டான். சத்தம் வேணாம், ஆக்கள் வந்து இரிந்து கேப்பாங்க எண்டு, பட்டரியக் கழட்டி எறிஞ்சான். தம்பி அப்ப பெரியம்மா வீட்டுல நிண்டு படிச்சான். வீட்டுல மூண்டு பேர் இரிக்கம் எண்டு கோழிக்கும் தெரியா.

ஆடி பத்து அவன்ட பிறந்தநாள். காலத்தால அம்மா பால்ச்சோறு வைச்சா. நான் கடப்படிக்குப் பாண் எடுக்கப் போனன். வழக்கமா ஒரு றாத்தல். ஆதம்பாவா ரெண்டு தரம் செருமி, பெட்டியைத் திறந்து, பேப்பர்ல சுத்தின சீனிப் பணிஸ் ஒண்ட எடுத்து என்ட கையில வைச்சான். நான் கேக்கல்ல. காசும் வேணாமெண்டான்.

"அண்ணனுக்குக் குடு புள்ள."

அண்ணன் வீட்ட இல்ல எண்டு சொன்னன். அவன் சிரிச்சிட்டு சைக்கிள உழக்கினான்.

மறுநாள் பின்னேரம் பச்ச வேன் ஒண்டு வந்திச்சி, நம்பர் இல்ல. வந்தவங்க ஆரெண்டு இண்டைக்கும் தெரியா. நேர அறைக்குள்ள போனாங்க. ஒரு வீட்டையும் தட்டல்ல, ஒருத்தரையும் விசாரிக்கல்ல. அவ்வளவுதான் தாயே. சேட்டுப் போடவும் விடல்ல, அதாலதான் அந்தக் கோடு போட்ட சேட்டு என்னட்ட இரிக்கி.

இப்ப நீயே சொல்லு. அண்ணன் வீட்ட இரிக்கான் எண்டு அவனுக்கு எப்படித் தெரியும்? ஊரில ஒரு சனத்துக்கும் தெரியாதது வாய்க்காலுக்கு அங்கால இரிந்து பாண் விக்க வாறவனுக்கு எப்படித் தெரியும்? பிறந்தநாளண்டு பாத்துப் பணிஸ் தந்தான். பலி குடுக்க முந்தி கிடாய்க்கு மாலை போடுறாப்போல.

தர்ஜினி கேட்டுக்கொண்டே இரிந்தாள். "பணிஸ் மட்டும்தானா மாமி?" எண்டாள். இதுக்கு மேல என்ன வேணும்.

ஜூலை 10, புதன்

இண்டைக்கு நம்மட பக்கம். தபால்காரக் கந்தப்போடி பேசினார். நல்ல மனுசன், கதை மட்டும் வாய்க்கால் தண்ணி போல, எங்கயும் நிக்காது. பாதியில சோறு வடிக்கப் போயிட்டன்.

ராச்சாப்பாட்டுல நான் தர்ஜினியிட்டக் கேட்டன், என்னையும் கூப்பிடு, நானும் பேசுறன் எண்டு. அவளுக்குச் சந்தோசம். ரெண்டு வருசமா நிகழ்ச்சி நடக்குது, மாமி ஒரு நாளும் கேக்கல்ல. மறுகா முகத்தப் பாத்திட்டு, பேர் சொல்லாமத்தானே எண்டாள். ஏன் சொல்லக் கூடாது எண்டன். அவள் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னாள். ரெண்டு வருசத்துக்கு முந்தி மீராவெளிச் சனம் நம்மட சந்தைக்கு வராது, நம்மட சனம் அவங்கட டொக்டரிட்டப் போகாது. இப்ப பாண் ஓட்டோ வீட்டு வாசலுக்கு வருது. இதெல்லாம் ஒரு நூல்ல தொங்குது மாமி. ஒரு பேர் சொன்னா அந்தப் பேருக்கு மகன் இரிப்பான், மச்சான் இரிப்பான், அடுத்த நாள் ஆரும் வாய்க்காலக் கடக்க ஏலா.

நான் சொன்னன், புண்ணுக்கு மேல சீனி தூவுறீங்க, உள்ளுக்குள்ள சீழ் அப்படியே கிடக்கு எண்டு. அவள் கோப்பையக் கழுவிப் போட்டு, "சீழ எடுக்கிறதுக்குக் கத்தி இரிக்கி மாமி. நீங்க கேக்கிறது கோடாலி" எண்டாள்.

வாய் நீளம். எங்கட வம்சம்.

ஜூலை 11, வியாழன்

பேர் சொல்ல மாட்டன் எண்டு அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தன். தேங்காய்க்கு மேலதான் கை வைச்சன், உனக்கு மேல இல்ல.

ஜூலை 14, ஞாயிறு

காலத்தால பாண் ஓட்டோ அந்தப் பாட்டுப் பெட்டியப் போட்டுக்கொண்டு வந்திச்சி. முழு ஒழுங்கையும் அந்த மெட்டுக் கேட்டுத்தான் எழும்புது இப்ப. நான் இதுவரைக்கும் ஒரு நாளும் வாங்கினதில்ல, பக்கத்து வீட்டு நேசம்மா வாங்குவாள். இண்டைக்குப் போய் நிண்டன். ஓட்டுறவன் அன்சார் எண்டு ஒரு நடுத்தர வயசுக்காரன். ஆதம்பாவாட மகள முடிச்சிருக்கான் எண்டு நேசம்மா முந்தியே சொன்னவள். மாமா எப்படி எண்டு கேட்டன். கண் பார்வை குறைஞ்சி போச்சி, ரேடியோதான் துணை, எந்த நேரமும் காதுக்க வைச்சிருப்பார், அந்தக் காலத்துல இரிந்தே அப்படித்தான், விடியக்காலம் பாண் போட்டுக்கொண்டே கேப்பாராம் எண்டான். "நீங்க மாமாவத் தெரிஞ்ச ஆளா உம்மா?" எண்டும் கேட்டான்.

நல்லாத் தெரியும் எண்டன்.

அவன் ஒரு பணிஸ நீட்டினான், இது புது மாதிரி, சாப்பிட்டுப் பாருங்க எண்டு. வேணாம். அந்தக் குடும்பத்துக்கு இது பழக்கமாப் போச்சி.

நேசம்மா ஓட்டோ போன புறகு மெல்லமாச் சொல்லுறாள், பாவம் தங்கேசு அந்தக் கிழவன், தம்பியச் சுட்டது தன்னச் சுட வந்த குண்டு எண்டு இன்னும் உருகுதாம் எண்டு. எனக்கு எரிஞ்சி வந்திச்சி. அவன்ட தம்பி சம்சுதீனுக்கு நடந்தது நான் செய்ததில்ல. அண்ணனக் கொண்டு போய் ஒம்பதாம் நாள், பெடியன்கள் ரெண்டு பேர் வந்து ஆர் காட்டிக் குடுத்தது எண்டு கேட்டாங்க. நான் ஒரு பேர் சொன்னன். ஒரே ஒரு பேர். சைக்கிள்ள அண்டைக்கு ஆர் வாறது எண்டு அவங்கதான் பாத்திருக்கணும். எனக்கு அதுல பங்கில்ல. உனக்கு அந்த வருசமே கோழி நேர்ந்து கழிச்சிப் போட்டன், கணக்கு முடிஞ்சிது.

ஆனா பலி மாறிப் போனா நேர்த்தி நேர்த்திதானே? அது இன்னும் நிக்குது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்திச்சி. கூழ் காய்ச்சினன்.

தர்ஜினி வந்து சொல்லுறாள், அடுத்த புதன் நேரடி ஒலிபரப்பாம், ஒலிப்பதிவு இல்ல, சந்தையடியில ஒலிபெருக்கிப் பெட்டி கட்டப் போறாங்களாம், ரெண்டு ஊரும் ஒண்டா நிண்டு கேக்குமாம். பேசுறது நான். பத்து நிமிசம்.

நீதான் வழி விட்டாய். வேற ஆர் விடுவாங்க.

ஜூலை 22, திங்கள்

குசினியில நிண்டு பேசிப் பாத்தன். கண்ணாடிக்கு முன்னால பாத்தன். கோழிக் கூட்டுக்கு முன்னாலயும் பாத்தன். பேர் சொல்லுற இடத்துல குரல் உடையுது. உடையாமச் சொல்லணும். ரெண்டு தரம் செருமிச் சொன்னா நல்லாயிருக்கும், அவனுக்கு விளங்கும்.

தர்ஜினி எனக்கு நீலச் சீலை எடுத்து அயன் பண்ணி வைச்சிருக்காள்.

ஜூலை 24, புதன்

சொல்லிப் போட்டன்.

வானொலி நிலையத்துல சின்ன அறை, சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டினாப்போல. மைக்குக்கு முன்னால கதிரை. கண்ணாடிக்கு அங்கால தர்ஜினி, காதுல பெட்டி மாட்டிக்கொண்டு சிரிச்சிக்கொண்டு இரிந்தாள். நான் அண்ணனப் பத்திச் சொன்னன், கிடுகுக் கிணத்தடியச் சொன்னன், பால்ச்சோறச் சொன்னன். அவள் கண்ணத் துடைச்சாள். மறுகா நான் செருமினன். ரெண்டு தரம்.

"என்ட அண்ணனக் காட்டிக் குடுத்தது மீராவெளி பாண்காரன் ஆதம்பாவா. இப்பவும் உசிரோட இரிக்கான். சீனிப் பணிஸ் தந்திட்டுக் காட்டிக் குடுத்தவன். அண்ணன் வீட்ட இரிக்கிறது உனக்கு எப்படித் தெரியும் ஆதம்பாவா? சொல்லு பாப்பம்."

தர்ஜினி பாய்ஞ்சி ஏதோ ஒரு கட்டைய இழுத்தாள். பாட்டுப் போச்சி. ஆனா சொல் போயிட்டு. சந்தையடிப் பெட்டியால போயிட்டு. எறிஞ்ச கல்லு.

அவள் எழும்பி வந்து, வீட்டுக்கு ஓட்டோ பிடிச்சித் தந்து, சில்லறை எண்ணி ஓட்டோக்காரன்ட கையில குடுத்திட்டு உள்ளுக்குப் போயிட்டாள். வாற வழியில வாய்க்கால் பாலத்துல ரெண்டு பக்கமும் ஆம்பிளையள் கூடி நிக்காங்க.

முப்பத்தஞ்சு வருசத்துக்குப் புறகு இண்டைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டன் தாயே.

ஜூலை 25, வியாழன்

பாண் ஓட்டோ வரல்ல. ஒழுங்கை செத்த வீடு போல. நேசம்மா வேலிக்கு அங்கால நிண்டு என்னப் பாக்காமலே சொல்லுறாள், அன்சார்ட ஓட்டோக் கண்ணாடிய நம்மட ஆக்கள் நேத்துப் பின்னேரமே பாலத்துல வைச்சி உடைச்சாங்களாம், மூண்டு தையல் நெத்தியில. மறுகா அங்கால உள்ளவங்க நம்மட மீன்காரர் ரெண்டு பேர மறிச்சாங்களாம். பாலத்துல பொலிஸ்.

"அடுத்த வளவு" நிப்பாட்டிப் போட்டாங்க. தர்ஜினிய பிறந்தநாள் வாழ்த்து வாசிக்க விட்டிருக்காங்க. அவள் இதச் சொல்லேக்க சத்தம் போடல்ல. சத்தம் போட்டிருந்தா நல்லாயிருக்கும். "சத்தியம் பண்ணினீங்க மாமி" எண்டு மட்டும் சொன்னாள்.

அன்சாருக்கு ஏன் அடிச்சாங்க? நான் சொன்னது கிழவன்ட பேரை. திரும்பவும் ஆள் மாறித்தான் அடி விழுது. அது என்ட பிழை இல்ல.

ஜூலை 26, வெள்ளி

இண்டைக்குப் பின்னேரம் உன்ட கதவு திறக்குது. குளிச்சி ஈரச் சீலையோட இரிக்கன். பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டியாச்சி. போக முந்தி இத எழுதி முடிக்கணும்.

மத்தியானம் தர்ஜினி வந்தாள். கைப்பேசிய மேசையில வைச்சாள். பொலிஸோட அவளும் மீராவெளிக்குப் போயிருக்காள், அந்தக் கிழவன் கூப்பிட்டு அனுப்பினான் எண்டு. எனக்குப் போட்டிக்குப் போல, தண்ணி கூடக் குடிச்சிருக்காள் அந்த வீட்டுல. பேசினத ஒலிபரப்பக் கூடாது, மாமிக்கு மட்டும் எண்டு சொல்லித்தான் தந்தவராம். அமத்தினாள்.

ரெண்டு தரம் செருமினான். மூச்சிழுத்தான்.

"தங்கேஸ்வரி புள்ள. எப்படித் தெரியும் எண்டு கேட்டாய். கேட்டது சரி. அண்டைக்கு விடியக்காலம் பேக்கரியில நிக்கக்குள்ள ரேடியோவில பிறந்தநாள் வாழ்த்துல சொன்னாங்க. மருதஞ்சேனை, பேச்சியம்மன் கோயிலடி, புவனேந்திரனுக்கு இண்டைக்கு இருபத்தி நாலு வயசு, வீட்டாரோட கொண்டாடுறார் எண்டு. நம்மட வாடிக்கை வீட்டுப் பிள்ளையெண்டு ஒரு பணிஸ் எடுத்து வைச்ச நான். வேற ஒண்டும் எனக்குத் தெரியா, அல்லாஹ் மேல ஆணை. என்ட தம்பிட விசயத்துல ஆர் பேர் குடுத்த எண்டு எனக்கு அந்த மாசமே தெரியும். அந்தப் பேர நான் ரேடியோவுல சொல்லல்ல. இனியும் சொல்ல மாட்டன். நீ சொகமா இரி புள்ள."

அவ்வளவுதான்.

பொய் தாயே. பச்சப் பொய். கண் தெரியாத கிழவன்ட புளுகு. அண்ணன் ஒளிச்சி இரிக்கக்குள்ள ஆர் ரேடியோவுக்கு எழுதுவாங்க? பைத்தியம் பிடிச்ச ஆளும் செய்யாது. அம்மாவுக்கு எழுதத் தெரியா. அண்ணன் எழுதுவானா தன்ட தலைக்குத் தானே? அது நிசமெண்டா, நாடு முழுக்கக் கேட்டிருக்கும், பச்ச வேன்காரனும் கேட்டிருப்பான். அப்ப ஆரும் காட்டிக் குடுக்கத் தேவையில்லயே.

தர்ஜினி கேட்டாள், ஆர் மாமி அனுப்பியிருப்பாங்க எண்டு. ஒரு மாதிரிப் பாத்துக் கேட்டாள். நான் அவளுக்கு முன்னாலயே கை எடுத்துச் சொன்னன், இஞ்சயும் எழுதி வைக்கிறன், கதவு திறந்த உடன இதத்தான் முதல் கேட்டுக்கோ. அப்படி ஒரு போஸ்காட்டு வந்திருந்தா, அத எழுதின கை அழுகணும். அத எழுதின கண் அவியணும். சம்சுதீன்ட ரெத்தமும் புவனண்ணன்ட ரெத்தமும் அந்த ஆளிட்டக் கேளு, ஏழு சென்மத்துக்கும் விடாத.

பேனை எழுதுதில்ல. பெட்டிக்குள்ள இரிந்து அண்ணன்ட பேனைய எடுத்து உதறிப் பாத்தன், அதுல எங்க மை, காஞ்சி போய் நிப்புல பச்சையா ஒட்டியிரிக்கி. கரிக்கட்டைப் பென்சிலால எழுதுறன். பறை அடிக்கிறாங்க, கதவு திறக்கப் போறாங்க போல.

பேனைக்குப் பக்கத்துல அந்தப் போஸ்காட்டு ரெண்டு.

மூண்டு வாங்கின நான். ஆனி மாசக் கடைசி வெள்ளி, அண்ணனுக்குச் சொல்லாம, அவன் நித்திரையால எழும்ப முந்தி, இந்தப் பச்ச மையால எழுதி, உன்ட கோயிலுக்கு வாற வழியில தபால் பெட்டிக்குள்ள போட்டன். பட்டரி இல்லாததால அத வாசிச்சாங்களா இல்லையா எண்டு நான் கேக்கல்ல.